தொரைக்குக் கொத்திய கறி

புதுப்பட்டினம் சந்தையில் மாட்டுக்கறிக் கடை எங்கே என்று கேட்டால் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. மோவாயைத் தூக்கி, மீன் விற்கும் இடத்துக்குப் பின்னால் சாக்கடை முடிகிற மூலையைக் காட்டுவார்கள். அப்படிக் காட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அதே மூலைக்கு வருவார்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டத் தொடங்கிய பின் வாங்குகிறவர்கள் மூன்று மடங்காகிவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கடைக்கு ஒரு கூரை போட்டுக்கொள்ளப் பஞ்சாயத்து வெகுகாலம் அனுமதி தரவில்லை. அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கப் போகிற ஊர். நான்கு மூங்கில் நட்டுப் பத்துக் கீற்றுப் போட்டுக்கொள்ளக் கேட்டால் தீட்டு வந்துவிடும் என்றது.

அந்த மூலையில், வெயிலில், கறி வெட்டும் கட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் சைதூன். நான் சொல்லப் போவது 1974ஆம் வருடத்துக் கதை. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

செய்யூர்ப் பக்கம் பிறந்தவர். பதினாறு வயதில் ஜெயினுலாபுதீனுக்கு வாழ்க்கைப்பட்டுப் புதுப்பட்டினம் வந்தார். கடை ஜெயினுலாபுதீனுடையது. அவர் நெஞ்சுச் சளியில் இருமி இருமி இறந்தபோது பிள்ளைகள் இல்லை. இருந்தது கட்டையும் இரண்டு கத்தியும்தான். கணவன் இறந்த பெண் வெளியே வராமல் இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாளை முறைப்படி இருந்து முடித்தார். மறுநாள் காலை கடையில் வந்து உட்கார்ந்தார். பொம்பளை கறிக்கத்தி பிடிக்கலாமா என்று ஜமாத்தில் ஒருவர் கேட்டார்.

"வூட்ல கோழி உரிச்சேன், மீன் அரிஞ்சேன், உங்க பையன் கல்யாணத்துக்கு ரெண்டு ஆட்டுக்கறிய ஒண்டியாளா நறுக்கிக் குடுத்தேன். அப்பல்லாம் புடிச்சது இன்னா, பூச்செண்டா?" என்று கேட்டார் சைதூன். கேட்டவர் அதன் பிறகு வரவில்லை. விடியற்காலையில் மாட்டை அறுப்பது கணவனின் தம்பி மைதீன். வெட்டி விற்பது சைதூன். அப்படித்தான் ஓடியது.

இந்தப் பெண்ணிடம் நான் மதித்த முதல் விஷயம் அவருடைய கண். உழைத்துத் தேய்ந்த எருதுகளைத்தான் கறிக்கு ஓட்டி வருவார்கள். கொம்பின் அடியில் புற்று வந்த எருது என்றால், தலையைச் சாய்த்து அது நிற்கிற விதத்திலேயே சைதூன் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஈரலைப் புரட்டிப் பார்த்து நீர்க்கட்டி இருந்தால் குழிதோண்டிப் புதைக்கச் சொல்வார். யாரும் அவரைச் சோதிக்க வரவில்லை. சுகாதார அதிகாரி அந்த மூலைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம்.

தொரை என்பது நாய். கட்டுமான வேலைக்கு வந்த ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் கொண்டுவந்து வளர்த்தது. மாற்றல் வந்ததும் வடக்கே போனவர் கட்டிலை ஏற்றினார், பீரோவை ஏற்றினார், நாயை மட்டும் கேட்டில் கட்டிய கயிற்றோடு விட்டுப் போனார். வேலையாட்கள் அவிழ்த்துவிட்டார்கள். அது நேராக வாசனையைப் பிடித்து சைதூன் கடைக்கு வந்து படுத்தது. ஜீப்பில் வந்த நாய் என்பதால் சந்தையில் அதற்குத் தொரை என்று பெயர்.

சைதூன் அதை வீட்டுக்குள் சேர்த்தவர் இல்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால் தேய்க்க வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். அதை அவர் ஒரு நாளும் விட்டதில்லை. கடைக்குப் பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீரும் ஒரு சிரட்டையில் சுத்தமான மணலும் எப்போதும் இருக்கும். கடவுள் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "நீ கும்புடலன்னா அவருக்கு இன்னா நஷ்டம்?" என்று சிரித்துவிட்டுக் கறி நறுக்கப் போய்விட்டார்.

அந்த வருடம் பொங்கல் கழிந்து சில நாளில் தொரையின் வாயிலிருந்து எச்சில் ஒழுகத் தொடங்கியது. இடது பக்கக் கீழ்த்தாடை வீங்கியிருந்தது. சைதூன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வாயைப் பிளந்து அழுத்திப் பார்த்தார்.

"சீழா இருந்தா அமுங்கும் மைதீனு. இது கல்லாட்டம் கீது. கொம்புப் புத்து கணக்கா கீதுப்பா."

கறிக்கூடையில் கோணி விரித்து, நாயை அதில் உட்கார வைத்து, மைதீனின் சைக்கிளில் கட்டித் திருக்கழுக்குன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கால்நடை மருத்துவர் ராஜாராம். இளைஞர்; ஆட்டையும் மாட்டையும் தவிர வேறெதையும் யாரும் அவரிடம் கொண்டுவந்ததில்லை. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"புத்துநோய்தாம்மா. எலும்பு வரைக்கும் இறங்கிடுச்சு."

"அறுத்து எடுத்துட்டா?"

"தாடையையே எடுக்கணும். அப்புறம் எதால தின்னும்?"

"எத்தினி நாளு தாங்கும் சார்?"

"வயித்துக்கு ஏதாவது போனா மூணு மாசம், நாலு மாசம் ஓடலாம். தின்னலைன்னா மூணு வாரமே அதிகம்."

"அப்ப கட்டிய உடுங்க. தீனிக்கு இன்னா வழின்னு சொல்லுங்க."

ராஜாராம் இதைப் பின்னால் என்னிடம் சொன்னபோது, "எவ்வளவோ படிச்சவங்க வந்திருக்காங்க சார், யாரும் எங்கிட்ட இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை" என்றார்.

சோற்றைக் குழையப் பிசைந்து வைத்தார் சைதூன். நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பால் வைத்தார், இடது பக்கமாக ஒழுகிப்போனது. கறியை வேகவைத்துப் பிய்த்துப் போட்டார். வெந்த நார் கட்டியில் சிக்கி ரத்தம் வந்தது. பத்து நாளில் நாயின் விலா எலும்பை எண்ணிவிடலாம் என்றாகிவிட்டது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கல்யாண வீடு ஒன்றுக்குக் கொத்துக்கறி கேட்டிருந்தார்கள். இரண்டு கையிலும் கத்தி பிடித்துச் சைதூன் கொத்திக்கொண்டிருந்தபோது ஒரு கவளம் கட்டையிலிருந்து கீழே தெறித்தது. தொரை எழுந்து வந்து, தலையை வலது பக்கமாகச் சாய்த்து, நாக்கால் வழித்து விழுங்கியது. கடிக்கவே இல்லை. விழுங்கிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்று முதல் அதற்கென ஒரு தனிப் பலகை, தனிக் கத்தி, தனித் தட்டு. கொழுப்பில்லாத தொடைக்கறியை நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே மெல்லிசாக அரிவார்; அதைத் திருப்பிப்போட்டுக் கூழாகிற வரை கொத்துவார்; ஒரு துண்டு ஈரலைக் கத்தி முதுகால் வழித்து அதில் கலப்பார். அறுத்த சூடு ஆறுவதற்குள் கொடுப்பார். மத்தியானக் கறி கிடையாது. பச்சையாகக் கொடுத்தால் வயிற்றில் பூச்சி வரும் என்று ராஜாராம் எச்சரித்தார்.

"பூச்சி கீற கறிய மனுசனுக்கே விக்க மாட்டேன், தொரைக்குப் போடுவேனா?" என்றார் சைதூன்.

நாய் தேறியது. வாலாட்டியது. ஆனால் எச்சில் ஒழுகுவது நிற்கவில்லை. கட்டி இருக்கிற வரை நிற்காது. ஊர் அதைப் பார்த்தது.

இந்த ஊரில் பள்ளிவாசல் உண்டு, கோயில் உண்டு, தேவாலயமும் உண்டு. ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்கூட அவர்களுக்குள் ஒற்றுமை வந்ததில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மூன்று தரப்பும் ஒரே குரலில் பேசியது: பச்சைக் கறி தின்ற நாய்க்கு வெறி பிடிக்கும். வெறிநோய், வெறி பிடித்த மிருகத்தின் எச்சிலிலிருந்து கடி வழியாக வருவது. கறி வெந்திருக்கிறதா வேகாமல் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. ஊரில் நாங்கள் நடத்திய படிப்பகத்துச் சுவரில் இதை நானே எழுதி ஒட்டினேன். அதன் மேல் மறுநாள் யாரோ சினிமா நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மைதீனே நம்பினான். "மதினி, எச்சிலு ஒழுவுது, பச்சையா துன்னுது. கஸ்டமருங்க பயந்துகினு கீறாங்க. பேஜாரு புடிச்ச வேல நமக்கு எதுக்கு?"

"நீ கூடத்தான் தூங்கசொல்ல வாயில எச்சிலு ஒழுவ உடுறே. உன்னக் கோணியில கட்டிப் போட்டனா?"

இப்படி இருக்கையில்தான் கடி நடந்தது. மாசி மாதம், திங்கட்கிழமை, காலை எட்டு மணி. ஜானகிராமன் என்பவர் அரிசி மண்டிக்காரர், பஞ்சாயத்து மெம்பர். கறிக் கடையையே சந்தையை விட்டு விரட்ட வேண்டும் என்று மூன்று முறை தீர்மானம் கொண்டுவந்தவர். அன்று கடை இருந்த இடத்தை அளவு பார்ப்பதுபோல் வந்து நின்று, படுத்திருந்த தொரையின் வீங்கின தாடையில் குடைக்கம்பியால் குத்தி, "இன்னா இது, அழுகிக்கினு கீது?" என்றார். நாய் துள்ளி எழுந்து அவருடைய கெண்டைக்காலில் வலது பக்கப் பல்லைப் பதித்துவிட்டுக் கடைப் பலகைக்கு அடியில் புகுந்துகொண்டது. இரண்டு பல் ஆழம்தான்.

"வெறிநாயி! கடிச்சிடுச்சு! முனிசாமியக் கூப்பிடு!"

சைதூன் பானையோடு ஓடி வந்தார். "காலை நீட்டுங்க மண்டிக்காரரே. சோப்புப் போட்டுக் கழுவணும்."

"உன் கடைப் பானைத் தண்ணியா? மேல படாத, தள்ளு!"

"நிசமாவே வெறின்னா இந்நேரம் எச்சிலு உள்ள போய்க்கினு கீது. நா கட்டைய உட்டு எழுந்துட்டேன், நீங்க நின்னு யோசிங்க."

மெம்பர் காலை நீட்டினார். மாட்டுக்கறிக் கடைப் பானையிலிருந்து ஏழு முறைக்கும் மேலாகத் தண்ணீர் அந்தக் காலில் ஊற்றப்பட்டது. சுண்ணாம்பு வை, மிளகாய்த்தூள் வை என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். எதையும் வைக்க விடவில்லை சைதூன்.

அதற்குள் முனிசாமி வந்துவிட்டார். பஞ்சாயத்தில் துப்புரவு வேலை அவருக்கு. சாக்கடையில் இறங்குவது, செத்த மாட்டை இழுப்பது, நாய் அடிப்பது எல்லாம் அவர் தலையில்தான். ஊர் செய்ய விரும்பாத அத்தனையையும் ஒரே மனிதனிடம் கொடுத்துவிட்டு, அவர் டீக்கடைக்கு வந்தால் தனி கிளாஸ் வைத்தார்கள். கையில் இரும்புக் கிடுக்கியும் தடியும். குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தார்.

"மெம்பரே, இருவது வருசமா வெறிநாய அடிச்சிகினு கீறேன். இது கண்ணு அந்தக் கண்ணு இல்ல. வாயில எதோ வந்து கீது, அதான் ஒழுவுது."

"உன்னக் கண்ணு பாக்கவா கூப்ட்டேன்? அடிடா!"

முனிசாமி தடியைத் தூக்கவில்லை. சைதூனைப் பார்த்தார். சைதூன் நாய்க்கு முன்னால் நின்றார். கையில் கத்தி இருந்தது, ஆனால் அவர் பேசியது கத்தியை நம்பி அல்ல.

"அடிச்சிடு அண்ணாத்த. ஆனா மண்டிக்காரரே, ஒண்ணு கேட்டுக்கோங்க. நாய் செத்துட்டா அதுக்கு வெறி இருந்துச்சா இல்லியான்னு யாரு வந்து சொல்லுவா? உசுரோட இருந்தா பத்து நாள்ல தெரிஞ்சிடும். வெறின்னா அதுக்குள்ள செத்துப்பூடும். இப்பவே அடிச்சீங்கன்னா உங்களுக்குத் தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. திருக்கழுக்குன்றத்து டாக்டரு சொன்னது. வேணும்னா போயிக் கேளுங்க."

பதினான்கு என்ற எண் மெம்பரின் முகத்தில் வேலை செய்தது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் நடந்த நடையை அவர் பார்த்திருக்கிறார்.

அன்றே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்த டாக்டரும் அதையே சொன்னார்: ஐந்து நாள் ஊசி போடுவோம், நாய் நன்றாக இருந்தால் நிறுத்துவோம். ஆனால் பத்து நாளுக்குள் நாய் செத்தால் திரும்ப வந்து முழுசாகப் போட்டுக்கொள்ள வேண்டும். நாயை அடித்துவிடாதீர்கள், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படியாக, பஞ்சாயத்து மெம்பர் ஜானகிராமன் சாகடிக்கச் சொன்ன நாயை உயிரோடு வைத்திருக்க வேண்டிய ஆளானார். சைதூனுக்கு நெருக்கடி வேறு விதம். வெறி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் புற்று இருக்கிறது. பத்து நாளுக்குள் அது புற்றாலேயே செத்தாலும் ஊர் 'பார்த்தாயா, வெறி' என்றுதான் சொல்லும். அவருடைய கடையையும் அதே நாளில் பிடுங்கி எறிவார்கள். பத்து நாள். தாடை போன நாய். அதற்கு இறங்குவது ஒரே ஒரு தீனி.

செவ்வாய்க்கிழமை விடியும்போது மெம்பர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு கடை முன்னால் நின்றார். "பாயம்மா, துன்னுதா?"

"துன்னுது. கிட்ட வந்து பாருங்க, கடிக்காது. குடைய மட்டும் தூர வச்சிட்டு வாங்க."

புதன்கிழமை, சைதூன் சொல்வதை நம்பாமல், நாயைத் தன் அரிசி மண்டித் தராசில் நிறுக்க வேண்டும் என்றார். கோணியில் போட்டு முனிசாமி தூக்கிக்கொண்டு போனார். அந்தத் தராசில் அதுவரை முனிசாமி கைவைக்க அனுமதி இருந்ததில்லை. பதினொன்றரைக் கிலோ. வியாழன், அதேதான். வெள்ளிக்கிழமை ஐந்தாவது ஊசியோடு செங்கல்பட்டில் நிறுத்தினார்கள். மெம்பர் திரும்பி வந்து, வயிற்றைத் தடவிக்கொண்டே தொரையின் முன்னால் குந்தி, "நல்லா துன்னுடா ராஜா" என்றதை நான் என் காதால் கேட்டேன்.

சனிக்கிழமை காலை தொரை தட்டை முகர்ந்தது, ஒரு வாய் எடுத்தது, கீழே போட்டுவிட்டது. ஞாயிறும் அப்படியே. எச்சிலில் ரத்தம். தராசில் முக்கால் கிலோ குறைந்திருந்தது.

"போச்சு, வெறி முத்திடுச்சு" என்று மெம்பர் உட்கார்ந்துவிட்டார். கூவத்தூர்ப் பக்கம் ஒரு மந்திரவாதி இருக்கிறார், நாய்க்குத் தாயத்துக் கட்டிவிடலாம் என்றார். மைதீன் பள்ளிவாசலில் ஓதின தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். இரண்டு பேரும் அவரவர் வழியில் அக்கறையாகத்தான் கேட்டார்கள். சைதூன் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: வெள்ளிக்கிழமை தின்றது சனிக்கிழமை தின்னவில்லை என்றால், நடுவில் எது மாறியது?

மாடு மாறவில்லை; பார்த்தார். கத்தி மாறவில்லை. வெட்டிய பக்குவம் மாறவில்லை. தட்டிலிருந்த கொத்துக்கறியைக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். திரும்பத் தேய்த்தார். நறநறவென்றது.

"மைதீனு, இங்க வா. இந்தத் தட்ட யாரு கழுவுனது?"

மைதீன் தலையைச் சொறிந்தான். "நாந்தான் மதினி. வெள்ளிக்கெழம தொழுகையில ஒத்தரு கேட்டாரு, கறிக்கடையில நாய்த் தட்டு கெடக்குதே, சுத்தம் பண்றீங்களான்னு. அதான், ஏழு தடவ கழுவுனேன். மண்ணுபோட்டு நல்லா தேச்சேன்."

"நாய் துன்ற தட்டையா?"

"நாய் வாய் வச்ச தட்டுதான மதினி!"

"அதே நாய்தான்டா திரும்ப அதுல துன்னப்போவுது! மனுசன் துன்ற பாத்திரத்துலதான அந்தக் கணக்கு? நசுங்கிப்போன அலுமினியத் தட்டு, சொட்டையெல்லாம் மணலு நின்னுகினு கீது. வாயில புத்து வந்தவனுக்கு மணலுல சோறு போட்டா துன்னுவானா?"

மைதீனுக்கு முகம் சுண்டிவிட்டது. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு மார்க்கக் கடமையைத் தவறான தட்டில் நிறைவேற்றிவிட்டான். சைதூன் தட்டை ஓரமாகப் போட்டார். கறி மடித்துக் கொடுக்கும் தாமரை இலை ஒன்றை எடுத்துத் துடைத்து, புதிதாகக் கொத்தியதை அதில் வைத்தார். தின்றபின் இலையைத் தூக்கி எறிந்துவிடலாம். கழுவ எதுவும் இல்லை, யாருக்கும் பாவமும் இல்லை.

தொரை அன்று காலை இலையை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மணல் அறுத்த இடம் இன்னும் ரணமாக இருந்திருக்கும். சைதூன் ஈரலை மட்டும் வழித்துத் தண்ணீர்போல் கரைத்து, ஒரு கரண்டியில் எடுத்து, வலது கடைவாய் ஓரம் சொட்டுச் சொட்டாக விட்டார். வாங்க வந்தவர்கள் நின்றார்கள், சிலர் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். மெம்பர் நின்றார். மைதீன் நாயின் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அவன் வாழ்நாளில் நாயைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மூன்றாவது கரண்டியில் தொண்டை அசைந்தது. மத்தியானத்துக்குள் அரைக் கிண்ணம் இறங்கியது. திங்கட்கிழமை மாலை இலையிலிருந்து தானே நக்கியது. செவ்வாய்க்கிழமை கறியைத் தின்றுவிட்டு இலையையும் கிழித்தது.

பத்தாம் நாள், வியாழக்கிழமை, சந்தை முழுவதும் வந்து நின்று பார்த்தது. தொரை வெயிலில் நீட்டிப் படுத்து ஈ விரட்டிக்கொண்டிருந்தது. முனிசாமி கிடுக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, "மெம்பரே, அடிக்கட்டா?" என்று கேட்டார். சந்தையே சிரித்தது. மெம்பரும் சிரித்தார், வேறு என்ன செய்வார்?

ஆறு மாதம் கழித்துக் கடைக்குக் கூரை வந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஜானகிராமன். 'பொதுச் சுகாதார நலன் கருதி' என்று எழுதியிருந்தார்கள். சைதூன் பெயர் அதில் இல்லை. நன்றி என்ற சொல்லும் இல்லை.

இதோடு நிறுத்தினால் இது ஒரு நாயைக் காப்பாற்றிய நல்ல மனதின் கதை. நல்ல மனம் பல பேருக்கு இருக்கிறது. நான் இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகு நடந்ததற்காக.

பச்சைக் கறி தின்றால் வெறி பிடிக்கும் என்று சொன்ன அதே ஊர், பத்தாம் நாள் மாலையே புதிய பேச்சைத் தொடங்கியது. தாடைப் புற்று வந்த நாய், மூன்று வாரத்தில் சாக வேண்டிய நாய், எழுந்து திரிகிறது. பச்சைக் கறிக்குப் புற்று கரைகிறது. அரிசி மண்டியில் உட்கார்ந்து இதை முதலில் சொன்னவர் நம் மெம்பர்தான். மறுவாரம் செய்யூரிலிருந்து ஒருவர் வந்து பச்சை ஈரல் கேட்டார், தாயாருக்கு வயிற்றில் கட்டி என்று. மாமல்லபுரத்திலிருந்து கல் செதுக்குகிறவர் ஒருவர் வந்தார். விற்றிருக்கலாம். ஈரலுக்கு என்ன விலை சொன்னாலும் கொடுத்திருப்பார்கள். இதைவிடக் குறைந்த மூலதனத்தில் ஆசிரமம் தொடங்கிப் பெரிய மனிதர்களானவர்களை நமக்குத் தெரியும்.

மூன்றாவதாக வந்தவர் ஆபிரகாம். அணுமின் நிலையத்தில் கொத்தனார் மேஸ்திரி. அவருடைய தகப்பனார் காலம் வரை அடுத்தவன் வயலில் கூலி. இவர்தான் முதலில் மாதச் சம்பளம் பார்த்தவர். கூடவே மனைவி மார்கரெட், சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். மார்பில் கட்டி, வந்து மூன்று மாதமாகிறது. கல்பாக்கத்து டாக்டர் சென்னைக்குப் போகச் சொல்லியிருந்தார். அறுத்து எடுத்துவிடுவார்கள் என்று பயம்.

"பாயம்மா, தொரைக்குக் குடுத்த அதே மாதிரி கொத்திக் குடுங்க. அது கரைஞ்சிதாமே" என்றார் ஆபிரகாம்.

சைதூன் கத்தியைக் கீழே வைத்தார். "தொரை, இங்க வா." நாய் வந்தது. அதன் வாயைப் பிளந்து பிடித்துக்கொண்டார். "மேஸ்திரி, கையில இந்தத் துணிய சுத்திக்க. உள்ள உட்டுத் தொட்டுப் பாரு."

"எதுக்கு பாயம்மா?"

"பாருன்னு சொல்றேன்ல."

ஆபிரகாம் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"நா டாக்டருகிட்ட காட்டசொல்ல புளியங்கொட்டை அளவு. இப்ப எலுமிச்சங்கா. வளந்துகினுதான் கீது. கறி கட்டியக் கரைக்கல மேஸ்திரி. பசிய ஆத்துச்சு, அம்புட்டுதான். இது மென்ன முடியாத நாயி, அதுக்கு மென்னாம எறங்குற தீனி வேண்டியிருந்துச்சு. உன் பொண்டாட்டிக்கு வாய் நல்லாத்தான கீது? சோறு துன்னட்டும். கட்டிக்குக் கத்திதான்."

"அறுத்தா செத்துப்பூடுவான்னு சொல்றாங்களே..."

"யாரு சொன்னா? நாய்க்கு வெறின்னு சொன்னாங்களே, அவங்களா?"

பிறகு அவர் மார்கரெட் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீயே வாய் தொறந்து சொல்லு. உனுக்கு இன்னா பயம், கத்தியா, ஆஸ்பத்திரியா?"

மார்கரெட் மெதுவாகச் சொன்னார்: "ஒண்டியா இருக்கணுமே. இவருக்கு லீவு கெடைக்காது. காண்ட்ராக்டு வேல, நாலு நாள் போனா ஆளை மாத்திடுவான்."

கவனியுங்கள். நாம் மூடநம்பிக்கை என்று நினைத்த இடத்தில் இருந்தது ஒரு ஒப்பந்தக்காரனின் அநியாயம். நான்கு நாள் விடுமுறை கொடுக்காத ஒருவனுக்காக ஒரு பெண் பச்சை ஈரலைத் தேடி வருகிறாள். அறிவியல் பேசுகிற நம்மைப் போன்றவர்கள் அவளிடம் கேட்காமல் விட்ட கேள்வியைக் கறிக்கடைக்காரி கேட்டாள்.

மறுவாரம் சைதூன் மைதீனிடம் கடையை ஒப்படைத்துவிட்டு மார்கரெட்டோடு சென்னைக்குப் பஸ் ஏறினார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தார். தொரைக்குக் கொத்தும் வேலை மைதீன் கைக்குப் போனது; மதினியைவிட நைசாகக் கொத்துகிறான் என்று முனிசாமி எனக்குச் சொன்னார். அறுவை முடிந்து மார்கரெட் திரும்பி வந்தார். நான் இதை எழுதுகிற 1979இல், அவர் புதுப்பட்டினம் அங்காடியில் வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்குவதைப் போன வாரம்கூடப் பார்த்தேன்.

தொரை சித்திரை கடைசியில் செத்தது. கட்டி தொண்டையை அடைத்துவிட்டது. கடைசி இரண்டு நாள் ஈரல் தண்ணீரும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் சைக்கிள் கூடையில் வைத்துத் திருக்கழுக்குன்றம் கொண்டுபோய், வலி இல்லாமல் போக ஊசி போடச் சொன்னார் சைதூன். ராஜாராம் போட்டார். கூடவே நானும் போயிருந்தேன்.

முடிந்தபின் சைதூன் கையை மண் போட்டுக் கழுவினார். எண்ணி ஏழு முறை. முந்தானையில் துடைத்துக்கொண்டு ராஜாராமிடம் வந்து, "சார், நீங்க ஒரு நோட்டு வச்சிருப்பீங்களே, அதுல எழுதிக்கோங்க. அடுத்த நாய்க்கு ஆவும்" என்றார்.

ராஜாராம் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்கம்மா. தொடைக்கறி, ஈரல், எவ்வளவு, எப்படிக் கொத்தணும்..."

"அது அப்பால. மொதல்ல 'கட்டி கொறையல'ன்னு எழுதுங்க. அத எழுதாம இத எழுதுனீங்கன்னா, படிக்கிறவன் வேற மாதிரி நெனைச்சிக்குவான்."

அவர் எழுதினார். சைதூனுக்குப் படிக்கத் தெரியாது. நோட்டை என் பக்கம் திருப்பி, அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று என்னைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகுதான் மற்றதைச் சொல்லத் தொடங்கினார்.